ஃபுல் ஃப்ரேம் வாங்கிட்டா படம் தானா வராது, தம்பி

போன வியாழக்கிழமை சாயங்காலம், கடையை எடுத்து வைக்கிற நேரத்தில் சேரன்மகாதேவிப் பக்கத்துப் பையன் ஒருவன் வந்தான். இருபத்தைந்து வயசிருக்கும். கையில் நிக்கான் டி850, படம் பதியும் சென்சார் பெரிதாக இருக்கும் ஃபுல் ஃப்ரேம் கேமரா. "அண்ணாச்சி, சென்சார் போயிட்டு போல. பழைய கேமராவுல வந்த தெளிவு கூட வரமாட்டேங்கு. வியூஃபைண்டர்ல நடுவுல ஒரு கட்டம் வேற தெரியுது" என்றான்.

கையில் வாங்கியதுமே விஷயம் தெரிந்துவிட்டது. மாட்டியிருந்தது 18-140 லென்ஸ்.

"ஏ தம்பி, இது டிஎக்ஸ் லென்ஸ், தெரியுமா?"

"தெரியும் அண்ணாச்சி. ஆனா மாட்டுது, ஃபோகஸும் ஆகுது. ஃபுல் ஃப்ரேம்ல எதை மாட்டுனாலும் படம் தானா நல்லா வரும்னுதான் எல்லாரும் சொல்லுதாவ."

மாட்டத்தான் செய்யும். சின்ன சென்சாருக்குச் செய்த லென்ஸ் வந்து உட்கார்ந்ததைக் கேமரா தானே கண்டுபிடித்து, ஓரங்களை வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். அவன் கட்டம் என்று சொன்னது அதைத்தான். டி850-இன் 45.7 மெகாபிக்சலில் அப்போது மிஞ்சுவது 19 சொச்சம். மச்சானுக்கு விற்றுவிட்டு வந்த பழைய டி7200-இல் அவனுக்கு 24 இருந்தது. அதாவது சித்தி நகையை அடகு வைத்து, 85 ஆயிரம் கொடுத்து, 24-லிருந்து 19-க்கு இறங்கியிருக்கிறான். அப்படியே மூன்று கல்யாணமும் எடுத்து முடித்துவிட்டான்.

இந்த வருஷத்தில் இப்படி வந்த ஐந்தாவது ஆள் இவன். பாளையங்கோட்டையில் 22 வருஷமாக கேமரா பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன், ஒவ்வொருத்தனுக்கும் தனித்தனியாகச் சொல்லி வாய் வலிக்கிறது. இதைப் படித்துவிட்டு அப்புறம் பணத்தை எடுங்கள்.

(கேனனில் இந்தக் கூத்து கிடையாது, சின்ன சென்சாருக்கான இஎஃப்-எஸ் லென்ஸ் ஃபுல் ஃப்ரேம் கேமரா பாடியில் மாட்டவே மாட்டாது. மாட்டாது என்று கம்பெனிக்காரன் செய்து வைத்ததையும், பின்பக்க ரப்பர் வளையத்தைக் கழற்றிவிட்டுத் திருகி, உள்ளே எழும்பும் மிரர் லென்ஸின் பின்பக்கத்தில் இடித்து உடைந்து கொண்டுவந்த புண்ணியவான் ஒருவர் உண்டு. அவர் என்னிடம் கேட்டது, "வாரண்டி உண்டா?")

சரி, ஃபுல் ஃப்ரேம் என்றால் என்னதான் கிடைக்கிறது? சென்சார் 36-க்கு 24 மில்லிமீட்டர். டி7200 மாதிரி சின்ன சென்சார் வைத்த நிக்கான் கிராப் கேமராவில் 23.5-க்கு 15.6. பரப்பளவில் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல். வெளிச்சக் கணக்கில் லாபம் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு), தாராளமாகச் சொன்னால் ஒன்றேகால். அவ்வளவுதான்! இந்த ஒன்றேகாலுக்குத்தான் நகை அடகுக்குப் போகிறது.

இதைப் புரியவைக்க நான் சொல்லும் உதாரணம் கோவில் கொடை. ராத்திரி பன்னிரண்டு மணி, சாமியாடி தீப்பந்தத்தோடு நிற்கிறார், சாம்பிராணிப் புகை, சுற்றிலும் சீரியல் லைட். ஒருத்தன் ஃபுல் ஃப்ரேமில் 24-120 எஃப்/4 மாட்டி நிற்கிறான். பக்கத்தில் இன்னொருத்தன் டி7200-இல் ஒரு 50 எம்எம் எஃப்/1.8. எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அதிக வெளிச்சம் விடும். ஒரே ஷட்டர் வேகத்தில் கிராப்காரனுக்கு ஐஎஸ்ஓ (ஏற்ற ஏற்றப் படத்தில் புள்ளி கூடும்) 1600 போதுமென்றால் ஃபுல் ஃப்ரேம்காரனுக்கு 8000 வேண்டும். இரண்டு ஸ்டாப்புக்கு மேல் வித்தியாசம். ஃபுல் ஃப்ரேம் கொடுத்த ஒன்றேகாலைக் கழித்தாலும் கிராப்காரன் ஒரு ஸ்டாப் முன்னால் நிற்கிறான், சில ஆயிரம் ரூபாய் லென்ஸை வைத்துக்கொண்டு. நியாயமாகச் சொல்வதென்றால் 1.8-இல் ஃபோகஸ் ஆழம் குறைவு, சாமியாடுகிறவர் ஒரு எட்டு முன்னால் வந்தால் காது தெளிவு, கண் கலங்கல். ஸூம் வைத்திருக்கிறவன் நின்ற இடத்திலிருந்தே அகலமாகவும் எடுப்பான், முகத்தையும் எடுப்பான், அதையும் மறுக்கவில்லை. ஆனால் "ஃபுல் ஃப்ரேம்னா இருட்டுல பகல் மாதிரி வரும்" என்று டீக்கடையில் சொல்கிறவன் லென்ஸைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கிறானா? பேசியிருக்க மாட்டான். வெளிச்சம் உள்ளே வருகிற வாசல் லென்ஸ். வாசலைச் சின்னதாக வைத்துக்கொண்டு பட்டாசாலையைப் பெரிதாகக் கட்டி என்ன பிரயோஜனம்?

அப்படியானால் ஃபுல் ஃப்ரேமே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லவில்லை. தெருவீட்டுக்குள் நலுங்கு எடுக்கும்போது 24 எம்எம் லென்ஸ் கிராப்பில் மாதிரி குறுகாமல் உண்மையிலேயே 24-ஆக இருக்கும், சுவரோடு சுவராக ஒட்ட வேண்டாம். வியூஃபைண்டர் பெரிது, பிரகாசம். பெரும்பாலானவற்றில் இரண்டு கார்டு போடலாம். நல்ல லென்ஸ் கையில் இருந்தால் அந்த ஒரு ஸ்டாப்பும் உதவும். இதெல்லாம் தொழிலுக்கு வேண்டியதுதான். எந்தத் தொழிலுக்கு எந்தப் பாடி என்பதில்தான் தப்பு நடக்கிறது.

நம்ம பக்கம் இப்போது செகண்ட் ஹேண்டில் அதிகம் கை மாறுவது கேனன் 5டி மார்க் 3, 6டி, நிக்கான் டி750, டி850.

5டி மார்க் 3 2012-இல் வந்தது, 22 மெகாபிக்சல், 61 ஃபோகஸ் புள்ளி. ஓடுகிற குழந்தையையும் விடாமல் பிடிக்கும், உழைக்கிற மாடு. குறை எங்கே என்றால் நிழலில். பாளையங்கோட்டை சர்ச் கல்யாணத்துக்கு வாருங்கள், பெண் வெள்ளை கவுன், மாப்பிள்ளை கறுப்பு கோட்டு. கவுன் வெளுத்துவிடாமல் எடுத்துவிட்டு, அப்புறம் கம்ப்யூட்டரில் கோட்டைத் தூக்கினால் அதில் கோடு கோடாகப் புள்ளி. அதே வேலையை டி750-இல் செய்தால் கோட்டின் மடிப்பு கூட மேலே வரும். ஆல்பம் டிசைன் பண்ணுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள், கதையாகச் சொல்வார். 2016-இல் வந்த மார்க் 4-இல் இது நன்றாகவே சரியாகிவிட்டது, லைவ் வியூ (பின்திரையைப் பார்த்து எடுப்பது) ஃபோகஸும் அருமை. ஆனால் 4கே வீடியோவுக்கு அது ஓரத்தை வெட்டும், கோப்பும் பூதம் மாதிரி வரும். வீடியோவுக்காக அதை வாங்காதீர்கள்.

மார்க் 3, மார்க் 4, நிக்கான் டி810 மூன்றிலும் ஒரு சிஎஃப் கார்டு, ஒரு எஸ்டி. வாங்குவதற்கு முன் சிஎஃப் வாசலுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். ஊசி ஊசியாக நிற்கும் முள்ளில் ஒன்று சாய்ந்திருந்தாலும் வேண்டாம். கார்டைச் சாய்த்துத் திணித்து முள்ளை மடக்கிக் கொண்டுவராத மாதம் எனக்குக் கிடையாது.

6டி விலை குறைவு, எடை குறைவு. நடுப்புள்ளி ஒன்று மட்டும் இருட்டில் கில்லாடி, மற்ற பத்தும் சும்மா அழகுக்கு. நடுவில் ஃபோகஸ் பிடித்து அப்புறம் ஃப்ரேமைத் திருப்பினால் எஃப்/1.4 லென்ஸில் கண் தவறிப்போகும். அதைவிட முக்கியம், ஒரே ஒரு கார்டு. 2017-இன் 6டி மார்க் 2-இலும் ஒரே கார்டுதான். தாலி கட்டுகிற படம் இருக்கும் கார்டு செத்துவிட்டதென்று முகூர்த்தம் முடிந்த மத்தியானமே கண் கலங்கி வந்து நின்ற போட்டோகிராபரை நான் பார்த்திருக்கிறேன். கெஞ்சிக் கேட்கிறேன், கூலிக்குக் கல்யாணம் எடுக்கிறவர் ஒற்றைக் கார்டு கேமராவை மெயினாக வைக்காதீர்கள். கோவில், குளம், ஊர்சுற்றல் என்று சொந்த ஆசைக்கு எடுப்பவருக்கு அதே 6டி தங்கம்.

டி750 2014, 24 மெகாபிக்சல், இரண்டு எஸ்டி, சாய்கிற ஸ்க்ரீன். செகண்ட் ஹேண்டில் என் முதல் சிபாரிசு அதுதான். ஆரம்பத்தில் வந்த சிலவற்றில் ஷட்டர் கோளாறு இருந்து நிக்கான் கம்பெனியே இலவசமாக மாற்றிக் கொடுத்தது, ஆகவே சீரியல் நம்பரைச் சரிபாருங்கள். டி600 யாராவது மலிவாகக் கொடுத்தால் எஃப்/16-இல் வெறும் வானத்தை ஒரு படம் எடுங்கள். இடது மேல் மூலையில் எண்ணெய்ப் பொட்டு தெரிந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். டி610 அந்தத் தொல்லை தீர்ந்து வந்தது.

டி850? ராஜா. ஐஎஸ்ஓ 64, 45 மெகாபிக்சல், கூந்தன்குளத்தில் பறவை எடுப்பவருக்கு வெட்டி வெட்டி எடுத்தாலும் மிச்சம் இருக்கும். விளக்குத் துடிப்பால் விழுகிற பட்டைக் கோட்டைச் சமாளிக்கும் வசதியும் உண்டு, 5டி மார்க் 4-இலும் உண்டு, டி750-இலும் மார்க் 3-இலும் போட்டோவுக்குக் கிடையாது. ஆனால் ராஜாவை வைத்துச் சோறு போட வசதி வேண்டும். ஒரு ரா கோப்பு (திருத்துவதற்கு முந்தைய மூலப் படம்) சுமாராக 50 எம்பி. கல்யாணத்துக்கு 3500 படம் என்றால் 175 ஜிபி. எக்ஸ்க்யூடி கார்டு விலை தனி. கை நடுக்கம் கொஞ்சம் இருந்தாலும் அத்தனை மெகாபிக்சலில் அப்பட்டமாகத் தெரியும். பாடி மட்டுமே ஒரு கிலோ, அதில் 70-200 எஃப்/2.8 மாட்டி விடியற்காலை நாலரை முகூர்த்தத்திலிருந்து மத்தியானம் பந்தி வரை கழுத்தில் போட்டுப் பாருங்கள்.

கேனன் கலரா நிக்கான் கலரா என்ற சண்டைக்கு நான் வரவில்லை.

வாங்கும்போது ஷட்டர் எண்ணிக்கை, அதாவது கேமரா இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று பாருங்கள். 6டி-க்குக் கம்பெனி சொல்வது ஒரு லட்சம், மார்க் 3-க்கும் டி750-க்கும் ஒன்றரை, டி850-க்கு இரண்டு. சீசனில் 40 கல்யாணம் எடுத்தாலே ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தைத் தொடாமல் என்ன செய்யும்? நிக்கானில் நேராக எடுத்த படக் கோப்பிலேயே எண்ணிக்கை இருக்கும், மார்க் 3-இல் இருக்காது, கேபிள் போட்டுத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் வாட்ஸப்பில் அனுப்பும் ஸ்க்ரீன்ஷாட்டை நம்பிப் பணம் போடுகிறவருக்கு என் அனுதாபம். அப்புறம், உவரி, மணப்பாடு கடற்கரையில் ஜோடிப் படம் எடுத்தே பிழைத்த கேமராவா என்று பாருங்கள். அடித்தகட்டின் திருகுகளில் பச்சை பூத்திருந்தால் உள்ளே இன்னும் மோசம். போன மாதம் ஒன்றின் அடியைக் கழற்றினேன், திருகோடு சேர்ந்து உப்புப் பொடி மேஜையில் கொட்டியது.

வாங்கிய பிறகாவது சென்சாரை வாயால் ஊதாதீர்கள். ஊதுவது காற்று, விழுவது எச்சில். குற்றாலம் சாரலில் நனைந்ததை அரிசிப் பானைக்குள் புதைக்காதீர்கள், அரிசி மாவு லென்ஸ் வளையத்துக்குள் போனால் எனக்குத்தான் வேலை. பேட்டரியைக் கழற்றுங்கள், துடையுங்கள், கொண்டுவாருங்கள். லென்ஸைத் தோல் பைக்குள் மாசக்கணக்கில் பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும்.

இன்னொன்று. கேனனும் நிக்கானும் உள்ளே மிரர் இல்லாத மிரர்லெஸ்ஸுக்குப் போய்விட்டார்கள், 2020-க்குப் பிறகு மிரர் வைத்த புதிய ப்ரொஃபஷனல் டிஎஸ்எல்ஆர் பாடி வரவில்லை. செகண்ட் ஹேண்டில் விலை இறங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். அதனால் பாடியில் காசைக் குறைத்து லென்ஸில் போடுங்கள். கேனன் இஎஃப் லென்ஸ் நாளைக்கு அடாப்டர் போட்டு மிரர்லெஸ்ஸிலும் ஓடும். நிக்கானில் உள்ளே மோட்டார் இல்லாத பழைய ஏஎஃப்-டி லென்ஸை வாங்காதீர்கள், நிக்கான் மிரர்லெஸ்ஸுக்குப் போடும் எஃப்டிஇசட் அடாப்டரில் ஆட்டோ ஃபோகஸ் ஆகாது.

அந்தப் பையன் கதைக்கு வருகிறேன். கடையில் கிடந்த என் 50 எம்எம் ஒன்றை அவன் டி850-இல் மாட்டிக் கொடுத்தேன். கண்ணை வைத்தான். கட்டம் போயிருந்தது. கொஞ்ச நேரம் எடுக்கவே இல்லை, எதிர்க்கடை, டீ மாஸ்டர், மேலே கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கா என்று சும்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாச்சி, அப்ப அந்த மூணு கல்யாணம்?"

"12-க்கு 36 இஞ்ச் ஆல்பத்துக்கு 19 மெகாபிக்சல் தாராளம்டே. தைரியமா அடிச்சுக் கொடு" என்றேன்.