பேட்டிக்கு முன் ஓர் ஒத்திகை

“பையனுக்கு இனிப்பு அதிகமா கொடுத்தீங்களா?”

ஒத்திகையில் இந்தக் கேள்வியைக் கேட்டது நான்தான். எதிரே இருந்த அம்மா கைக்குட்டையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தார். அப்புறம், “கொஞ்சம் கொடுத்திருப்பேனோ என்னவோ, டாக்டர்” என்றார்.

அவருடைய மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுவதால் வருவது. இனிப்பு தின்று வருவதில்லை. இது அவருக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கேள்வி நேராக வந்ததும் குற்ற உணர்ச்சி முந்திக்கொண்டது. அந்த ஒரு வரி ஒளிபரப்பாகியிருந்தால், இதே நோயுள்ள எத்தனை பிள்ளைகளின் அம்மாக்கள் உறவினர்களிடம் பேச்சு வாங்கியிருப்பார்கள்!

குழந்தைகள் நல மருத்துவராக, ஊடகத்தில் பேச முன்வரும் பெற்றோரை நான் இப்படித்தான் தயார்செய்கிறேன். அவர்கள் பேசவேண்டும் என்று மனதார விரும்புகிறேன். “தாகம் தாகம்னு தண்ணி குடிச்சான், அடிக்கடி சிறுநீர் போனான், இளைச்சுக்கிட்டே வந்தான்” என்று ஒரு தாய் சொல்வது, நான் அரை மணி நேரம் விளக்குவதைவிட மனதில் பதியும். கேட்பவர் தன் பிள்ளையை அன்றே ரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவார். தாமதித்தால், இன்சுலின் இல்லாமல் ரத்தத்தில் அமிலம் சேரும் கீட்டோஅசிடோசிஸ் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு நாள் முந்துவது அவ்வளவு முக்கியம்.

நேரலையா, பதிவா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பதிவில் எந்த வரி மிஞ்சும் என்பது உங்கள் கையில் இல்லை. பேட்டி எடுப்பவரே தலைப்பு வைப்பார் என்றும் சொல்லமுடியாது. நிருபர் பேசாமல் உங்களையே பார்த்தால், அந்த மௌனத்தை நிரப்ப எதையாவது சொல்லாதீர்கள். “அது எனக்குத் தெரியாது, டாக்டரைத்தான் கேக்கணும்” என்பது முழுமையான பதில். பள்ளிச் சீருடையில் எடுத்த படத்தைக் கொடுக்காதீர்கள். மருத்துவ அறிக்கையைக் கேமரா முன் விரிக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பிள்ளையிடம் கேளுங்கள். தன்னைப் பற்றிய விஷயத்தில் கருத்துச் சொல்லும் உரிமையையும் அந்தரங்க உரிமையையும் 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை குழந்தைக்குக் கொடுத்திருக்கிறது. சட்டம் கிடக்கட்டும், நாளைக்கு அவன் வகுப்பில் யாராவது அந்த வீடியோவைத் தேடி எடுப்பார்கள் அல்லவா?

அந்தப் பையனிடமும் கேட்டோம். ஒரே ஒரு அறிகுறியை மட்டும் சொல்லவேண்டாம் என்றான். நோயைச் சீக்கிரம் கண்டுபிடிக்க உதவும் அறிகுறிதான் அது, சொல்லாமல் விட அம்மாவுக்கு மனமில்லை. “அதை நான் சொல்றேன், பொதுவா, எல்லாப் பிள்ளைங்களையும் பத்தி” என்றேன். அப்படியே செய்தோம். அவன் கேட்டுக்கொண்டபடி, இங்கேயும் அது எது என்று எழுதவில்லை.

பேட்டியில் இனிப்புக் கேள்வி வரத்தான் செய்தது. இந்த முறை அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இதை நாங்க யாரும் வரவழைக்கலைங்க. அவன் உடம்புல இன்சுலின் சுரக்கல. ஊசி போடுறோம், விளையாடுறான்.”