மக்கள் நீதிமன்றமா, இனத் தீர்ப்பாயமா?

போன மாதம் வேலூர் சத்துவாச்சாரியில் நண்பர் வீட்டில் நாலைந்து பேர் உட்கார்ந்து, ஹிட்லர் காலத்து ஜெர்மனி பற்றிய ஒரு தமிழ்க் கட்டுரையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தோம். நாஜிகளை எதிர்த்துத் துண்டறிக்கை பரப்பிய மாணவி சோஃபி ஷோலுக்கு ‘மக்கள் நீதிமன்றம்’ மரண தண்டனை விதித்தது என்று ஒரு வரி. கீரை ஆய்ந்துகொண்டிருந்த நண்பரின் அம்மா நிமிர்ந்தார். “ஏம்பா, மக்கள் நீதிமன்றத்துல எப்படி சாவு தண்டனை கொடுப்பாங்க? அங்க ரெண்டு தரப்பையும் உக்கார வச்சு பேசித்தானே முடிப்பாங்க?”

அவர் கணவர் பஸ்ஸில் அடிபட்ட வழக்கு இதே சத்துவாச்சாரி கோர்ட்டில், லோக் அதாலத்தில்தான் சமரசமாகிப் பணம் வந்தது. அவர் கேட்டது நூற்றுக்கு நூறு சரி.

கட்டுரையில் வரும் பெயரின் ஜெர்மன் மூலச்சொல் ஃபோல்க்ஸ்கெரிக்ட்ஸ்ஹோஃப். ஃபோல்க் என்றால் மக்கள், கெரிக்ட் என்றால் தீர்ப்பு, நீதிமன்றம் இரண்டும், ஹோஃப் என்றால் முற்றம் அல்லது அவை. அகராதியோடு நின்றுவிட்டால் ‘மக்கள் நீதிமன்றம்’தான் வரும்.

ஆனால் தமிழ்நாட்டில் அந்தப் பெயர் லோக் அதாலத்துக்கு உரியது. செக் வழக்கு, வங்கிக் கடன், விபத்து இழப்பீடு எல்லாம் அங்கே போகும், சமரசத்துக்கு இடமில்லாத குற்ற வழக்குகள் போகாது. அங்கேயும் மேல்முறையீடு கிடையாது, ஏனென்றால் இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டாயிற்று. பெர்லினில் இருந்த அந்த நாஜி நீதிமன்றத்தில் மேல்முறையீடு இல்லாமல் போனது வேறு கதை. 1933-இல் நாடாளுமன்றத் தீவைப்பு வழக்கில் லைப்சிக் நீதிமன்றம் ஐந்து பேரில் நாலு பேரை விடுதலை செய்ததும், கொதித்துப்போன ஹிட்லர் அரசு 1934 ஏப்ரலில் சட்டம் போட்டு இதை நிறுவியது. அமர்வில் ஐந்து பேர், அதில் இருவர்தான் தொழில்முறை நீதிபதிகள், மற்றவர்கள் நாஜிக் கட்சியும் ராணுவமும் அனுப்பிய ஆட்கள். 5,000 பேருக்கு மேல் மரண தண்டனை. இதையும் சமரச மேசையையும் ஒரே பெயரால் அழைப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

சிலர் ‘சிறப்பு நீதிமன்றம்’ என்கிறார்கள். அதுவும் தவறு, அந்தப் பெயரிலேயே நாஜிகள் 1933 மார்ச்சில் வேறு நீதிமன்றங்களைத் தொடங்கியிருந்தார்கள். தனித்தமிழ் நண்பர் ஒருவர் ‘அறங்கூறவையம்’ என்றார். அருமையான சொல், மதுரைக்காஞ்சியில் இருக்கிறது. பகையும் மகிழ்ச்சியும் கொள்ளாமல் துலாக்கோல் போல நிற்கும் அவை அது. சிவப்பு அங்கி போட்டுக்கொண்டு குற்றம் சாட்டப்பட்டவர்களை நோக்கிக் கத்திய அதன் தலைவர் ஃப்ரைஸ்லர் உட்கார்ந்த இடத்துக்கு அதைத் தர எனக்கு மனசு ஒப்பவில்லை.

என் கட்சி ‘இனத் தீர்ப்பாயம்’. நாஜிகளின் ஃபோல்க்கில் யூதர்கள் கிடையாது, ரத்தம் பார்த்துத்தான் சேர்த்தார்கள், அதனால் இனம். தீர்ப்பாயம் என்பது பாலாற்றுத் தோல்கழிவு பற்றிப் பேசும்போதெல்லாம் நம் காதில் விழும் பசுமைத் தீர்ப்பாயத்தால் பழகிய சொல். ‘நீதி’யை வேண்டுமென்றே விட்டேன். 1985-இல் மேற்கு ஜெர்மனி நாடாளுமன்றமே அது நீதிமன்றம் அல்ல, பயங்கரத்தின் கருவி என்று தீர்மானம் போட்டது. அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். “யாரோட இனம்?” என்று உடனே கேட்டார்.

அப்புறம் இன்னொன்று. அதே கட்டுரை சோஃபியைத் தூக்கிலிட்டார்கள் என்கிறது. நம் மொழிபெயர்ப்பாளர்களுக்கு மரண தண்டனை என்றாலே தூக்குதான். 1943 பிப்ரவரி 22, ம்யூனிக்கில் பகலில் தீர்ப்பு, மாலைக்குள் கில்லட்டினில் தலையை வெட்டிவிட்டார்கள். அவளுக்கு வயது 21.