ரைம்: எதுகை அன்று, இயைபு

ஆங்கிலக் கவிதையைத் தமிழில் அறிமுகம் செய்யும் கட்டுரைகளில் ‘இதன் எதுகை அமைப்பு அஆஅஆ’ (ஒத்து முடியும் அடிகளுக்கு ஒரே எழுத்து) என்று எழுதுகிறார்கள். குழந்தைகளுக்கான பயிற்சித் தாளில் ‘கேட், பேட், மேட்’ என்ற வரிசைக்கு மேலே ‘எதுகைச் சொற்கள்’ என்று தலைப்பு வைக்கிறார்கள். மேடையில் ஒருவர் வாக்கியத்துக்கு வாக்கியம் ஒரே ஓசையில் முடித்தால், மறுநாள் செய்தியில் ‘எதுகை மோனையோடு முழங்கினார்’ என்று வருகிறது. மூன்று இடத்திலும் குறிக்க வந்தது ரைம், அதாவது அடியோ சொல்லோ ஒத்த ஓசையில் முடிவது. அதற்கு எதுகை என்ற பெயர் பொருந்தாது. ரைம் என்பதற்கு நேரான சொல் தமிழ் யாப்பில் தொல்காப்பியக் காலத்திலிருந்தே இருக்கிறது. அதன் பெயர் இயைபு.

ரைம் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல். அதை முதலில் ‘ஹெச்’ எழுத்து இல்லாமல்தான் எழுதினார்கள். ரிதம் என்ற கிரேக்க வழிச் சொல்லோடு சேர்த்து நினைத்ததால் பின்னால் எழுத்துக்கூட்டல் மாறியது. இயைபு, ‘இயை’ என்ற வினையிலிருந்து வந்தது. பொருந்துதல், ஒன்றுதல் என்று பொருள். தொல்காப்பியச் செய்யுளியல் மோனை, எதுகை, முரண், இயைபு எனத் தொடையை, அதாவது செய்யுளில் எழுத்தும் சொல்லும் பொருந்தத் தொடுக்கும் முறையை, நான்காகச் சொல்லி, அளபெடையைச் சேர்த்து ஐந்தாக்குகிறது. இயைபுக்கு அது தரும் இலக்கணம் நான்கே சொல்: ‘இறுவாய் ஒன்றல் இயைபின் யாப்பே’. இறுதி ஒன்றி வந்தால் இயைபு.

எதுகையின் இலக்கணம் வேறு. முதலெழுத்து அளவில் ஒத்திருக்க வேண்டும், இரண்டாம் எழுத்து ஒன்ற வேண்டும். கட்டு–பட்டு எதுகை. காட்டு–பாட்டு எதுகை. கட்டு–பாட்டு எதுகை ஆகாது, ஏனெனில் ஒன்றில் முதலெழுத்து குறில், மற்றதில் நெடில். இங்கே ஒப்பிடுவது சொல்லின் முன்பகுதியை. சொல் எப்படி முடிகிறது என்ற கேள்வியே எதுகைக்கு இல்லை.

‘கற்க கசடறக் கற்பவை கற்றபின் / நிற்க அதற்குத் தக’ என்ற குறளை எடுத்துக்கொள்ளுங்கள். கற்க–நிற்க அப்பழுக்கில்லாத எதுகை: இரண்டிலும் முதலெழுத்து குறில், அடுத்து ற். ஆனால் ஆங்கிலக் காதுக்கு இது ரைம் ஆகாது. ரைமுக்கு அழுத்தம் விழும் உயிரோசையும் அதற்குப் பின்னால் வரும் எல்லாமும் ஒத்திருக்க வேண்டும். இங்கே ஒன்றில் அகரம், மற்றதில் இகரம். அடிகள் முடியும் இடத்திலோ ‘கற்றபின்’, ‘தக’. அங்கே ஓசை ஒற்றுமை எதுவும் இல்லை. இந்தக் குறளை ‘ரைம் உள்ள கவிதை’ என்று ஒரு வெளிநாட்டு மாணவரிடம் சொன்னால், அவர் அடியின் கடைசியில் தேடிவிட்டு ஏமாந்துபோவார்.

இப்போது திருப்பிப் போட்டுப் பார்க்கலாம். ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டில் முதல் அடி ‘டே’ என்றும் மூன்றாம் அடி ‘மே’ என்றும் முடிகின்றன. கடைசி ஈரடி ‘சீ’, ‘தீ’ என்று முடிகிறது. தமிழில் எழுதினால் ஒவ்வொன்றும் ஓரெழுத்து. இரண்டாம் எழுத்தே இல்லாத சொல்லில் எதுகையை எங்கே தேடுவது? ஐந்தாம் அடியும் ஏழாம் அடியும் ‘ஷைன்ஸ்’, ‘டிக்ளைன்ஸ்’. இரண்டாம் எழுத்து ஒன்றில் ன், மற்றதில் க். எதுகை விதி இங்கே அப்படியே உடைந்துபோகிறது. ‘இறுவாய் ஒன்றல்’ என்ற விதியோ எல்லா இடத்திலும் சிக்கலின்றிப் பொருந்துகிறது. எனவே ரைம் ஸ்கீம் என்பதை இயைபு அமைப்பு என்றே எழுத வேண்டும். ஷேக்ஸ்பியர் சானெட்டின் பதினான்கு அடிகளுக்கு அது அஆஅஆ, இஈஇஈ, உஊஉஊ, எஎ.

குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதும் இதிலேயே தெரிகிறது. ‘கேட், பேட்’ போன்ற ஈரெழுத்துச் சொற்களில் இரண்டாம் எழுத்தே கடைசி எழுத்தாகவும் இருக்கிறது. எதுகையும் இயைபும் ஒரே இடத்தில் விழுந்துவிடுகின்றன. அந்த ஒரு தற்செயலை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் எதுகை என்று பெயர் சூட்டிவிட்டார்கள். பாடம் நடத்துபவர்கள் குறைந்தது மூன்றெழுத்துச் சொற்களை எடுத்துக்காட்டாகக் கொடுத்தால் இந்தப் பிழை முளைக்காது.

‘எதுகை என்பது எல்லாருக்கும் பழகிய சொல், இயைபு யாருக்குத் தெரியும்?’ என்று கேட்கிறார்கள். பழகியது எதுகை என்ற சொல் மட்டுமே, அதன் பொருள் இல்லை. ‘எதுகை மோனை’ என்று ஒரே மூச்சில் சொல்கிறவர்களிடம் இரண்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் பலர் தடுமாறுவார்கள். பழமொழிகளே போதும், பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடலாம். ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’: முதலெழுத்து மூன்று முறை க, இது மோனை. ‘ஆடிப் பட்டம் தேடி விதை’: ஆடி–தேடி, இது எதுகை. ‘யானைக்கும் அடி சறுக்கும்’: இரண்டு முனையிலும் ‘க்கும்’, இது இயைபு. எழுதுகோலால் முதலெழுத்தின் கீழ் ஒரு கோடு, இரண்டாம் எழுத்தின் கீழ் ஒரு கோடு, கடைசி எழுத்தின் கீழ் ஒரு கோடு போட்டால் ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

‘ஈற்றெதுகை’, ‘கடையெதுகை’ என்று ஒட்டுப்போடுகிறவர்களும் உண்டு. இரண்டாம் எழுத்துக்கு உரிய பெயரை இறுதிக்கு இழுத்துப் போவது முதல் தவறு. அதோடு, அடிதோறும் கடைச்சீர்களின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதற்குக் கடையெதுகை என்ற பெயர் யாப்பில் முன்பே இருக்கிறது. சந்தம் என்று பெயர்ப்பதும் ஆகாது. சந்தம் என்பது ‘தத்தன தனதன’ என்று அருணகிரிநாதரிடம் ஓடுகிறதே, அந்த ஓசை ஓட்டம். அது ரிதம் பக்கம் சேர வேண்டியது. தெலுங்குக்காரர்கள் இதில் தெளிவாக இருக்கிறார்கள். அடியின் இரண்டாம் எழுத்து ஒன்றினால் பிராச, இறுதி ஒன்றினால் அந்த்யபிராச. நம்மிடம் அதைவிடச் சிறிய சொல் இருந்தும் கைவிட்டிருக்கிறோம்.

இந்த ஒரு பிழை தனியாக நிற்பதில்லை, அடுத்தடுத்த பிழைகளுக்கு வழிவிடுகிறது. ரைம் இல்லாமல், ஓசை அளவோடு மட்டும் எழுதும் பிளாங்க் வெர்ஸ் என்பதை ‘எதுகை மோனையற்ற பா’ என்று பெயர்க்கிறார்கள். ஆங்கிலக் கவிஞர் மில்டன் தம் ‘பாரடைஸ் லாஸ்ட்’ காப்பியத்தில் ரைமை வேண்டாம் என்று ஒதுக்கியது உண்மை. ஆனால் அதன் முதல் இரண்டடிகளிலேயே ஃபர்ஸ்ட், ஃப்ரூட், ஃபர்பிடன் என்று ஃப ஒலி தொடர்ந்து வருகிறது. அது மோனை அல்லாமல் வேறென்ன? அவர் விட்டது இயைபை மட்டும். ‘இயைபிலா யாப்பு’ என்று எழுதினால் சரியாக இருக்கும், அதற்கு ஓர் அளவு உண்டு என்பதும் விளங்கும். அளவையும் உதறிய ஃப்ரீ வெர்ஸோடு அதைக் குழப்பவும் வாய்ப்பிருக்காது. அகராதியில் முதலில் கண்ணில் படும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போகும் மொழிபெயர்ப்புகளில் இந்தப் பொறுப்பு இல்லை.

இயைபும் ரைமும் அச்சு அசலாக ஒன்றுதான் என்று சொல்லவில்லை. இயைபின் எல்லை பெரிது. கடைசி எழுத்து ஒன்று ஒத்தாலே போதும், முழுச் சொல்லே மறுபடி வந்தாலும் ஏற்கும். ஆங்கிலத்தில் சொல் அப்படியே திரும்பி வந்தால் அதைக் குறையாகவே எண்ணுவார்கள். கஜலில் திரும்பத் திரும்ப வரும் சொல்லுக்கு ரதீஃப் என்றும், அதற்கு முன்னால் ஒத்து வரும் ஓசைக்குக் காஃபியா என்றும் தனித்தனிப் பெயர். தமிழில் இரண்டுமே இயைபில் அடங்கும். ஒரே அடிக்குள் சீர்களுக்கிடையே வரும் சீர் இயைபு பார்க்கும்போது சீர்களை அடியின் கடைசியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும் என்பதையும் கற்பவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

தமிழில் வினைகள் -ஆன், -ஆள், -ஆர் என்று விகுதியில் முடிவதால் இயைபு எளிதில் கிடைத்துவிடும். வந்தான், நின்றான், சிரித்தான் என்று எத்தனை வேண்டுமானாலும் அடுக்கலாம். அதனால்தான் மரபுக் கவிஞர்கள் சொல்லின் வேர் இருக்கும் முன்பக்கத்தில், எதுகையிலும் மோனையிலும், உழைப்பைப் போட்டார்கள். பாட்டெழுதப் பழகுகிறவர் விகுதியை மட்டும் நம்பக் கூடாது. வந்தான்–நின்றான் என்பதைவிட வந்தான்–தந்தான் காதில் நிற்கும், ஏனெனில் அங்கே எதுகையும் சேர்ந்திருக்கிறது.

மழலையர் பள்ளிகளில் ‘ரைம்ஸ்’ என்கிறார்களே, அதை மட்டும் இயைபு என்று பெயர்க்க வேண்டியதில்லை. அது குழந்தைப் பாட்டு. ‘நிலா நிலா ஓடிவா, நில்லாமல் ஓடிவா, மலைமேலே ஏறிவா, மல்லிகைப்பூ கொண்டுவா’: நிலாவும் நில்லாமலும் மோனை, மலையும் மல்லிகையும் மோனை, நான்கு அடியிலும் கடைசியில் வரும் ‘வா’ இயைபு.