பாட்டு கேட்க எத்தனை ஸ்பீக்கர் வேண்டும்?

போன மாதம் மதுரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கூப்பிட்டிருந்தார். புதிதாக 5.1 செட் வாங்கியிருந்தார்; அதாவது ஐந்து ஸ்பீக்கரும், பேஸுக்கென்று சப்வூஃபர் என்ற ஒரு பெட்டியும். கச்சேரியும் எண்பதுகளின் சினிமாப் பாட்டும்தான் அவர் கேட்பது. “சத்தத்துக்குக் குறைச்சல் இல்ல தம்பி. ஆனா பாடுறவர் அடுத்த தெருவுல உக்காந்து பாடுற மாதிரியே இருக்கு” என்றார்.

உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது அப்படியே உண்மை. ஹால் 12 அடிக்கு 10 அடி. சோபா பின்சுவரை ஒட்டிக் கிடந்தது. பின் ஸ்பீக்கர் இரண்டும் அதற்கு நேர் மேலே, தலைக்கு எட்டும் உயரத்தில். முன் ஸ்பீக்கர் இரண்டும் டி.வி. ஷோகேஸுக்குள் பொம்மைகளுக்கு நடுவில். சென்டர் ஸ்பீக்கர் என்று உள்ளங்கையளவு ஒரு பெட்டி, டி.வி.க்குக் கீழே.

ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செட், பாகங்களை வாங்கிக் கோத்துச் செய்தது. இருபது வருடமாக வீடுகளில் ஸ்பீக்கர் போட்டுக்கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நம் ஊர்களில் அதிகம் விற்பது இதுதான். உள்ளே ப்ரோலாஜிக் போர்டு என்று ஒன்று வைப்பார்கள். பென்டிரைவில் இருக்கும் எம்.பி.3 பாட்டில் இடது, வலது என்று இரண்டே சேனல், அதாவது இரண்டு தனித்தனி ஒலிப்பதிவு. அந்த இரண்டிலிருந்து ஐந்து ஸ்பீக்கருக்கான ஒலியை இந்த போர்டு பிரித்தெடுக்கிறது. எப்படி? இடதிலும் வலதிலும் பொதுவாக இருப்பதைக் கூட்டி சென்டருக்கு அனுப்பும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்து, மிஞ்சுவதைப் பின்னால் அனுப்பும். பாடகரின் குரல் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். ஆகவே கழித்தால் குரல் போய்விடும். எதிரொலியும் ஓரத்து வயலின்களும் மட்டும் மிஞ்சும். ஆசிரியர் தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்தது அந்த மிச்சம். குரல் முழுவதும் டி.வி.க்குக் கீழே இருந்த சின்னப் பெட்டிக்குப் போய்விட்டது.

போர்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. படம் பார்க்க அது உதவும். ஆனால் பாட்டுக் கேட்க வாங்க வருபவரிடம், “உங்கள் பாட்டில் இருப்பதே இரண்டு சேனல்தான்” என்று கடையில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை.

இந்த இரண்டு சேனல் முறையான ஸ்டீரியோ என்றாலே பழசு, சுற்றிலும் ஸ்பீக்கர் வைக்கும் சரவுண்டு என்றால் புதுசு என்ற எண்ணம் எல்லோருக்கும் இருக்கிறது. பழசு என்பது உண்மைதான். இங்கிலாந்தில் ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் 1931-இல் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் 1958 வாக்கில் பரவலாக விற்பனைக்கு வந்தன. 1982-இல் வந்த சி.டி.யும் இரண்டு சேனல்தான். இடையில் எழுபதுகளில் நான்கு சேனல் இசைத்தட்டுகளை விற்றுப் பார்த்தார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத பல முறைகள் ஒரே நேரத்தில் வந்ததால் வாங்குபவர்கள் குழம்பிப்போய் அதைக் கைவிட்டார்கள். நம் வீட்டில் இருக்கும் பாட்டுகளில் ஏறக்குறைய எல்லாமே இரண்டு ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்துக் கலந்தவை. ஐம்பது, அறுபதுகளின் படப் பாட்டுகள் அதற்கும் முந்தியவை, மோனோ, அதாவது ஒரே சேனல். இரண்டு பக்கமும் ஒன்றே என்பதால் கழித்தால் பூஜ்யம். பின் ஸ்பீக்கருக்குக் கொடுக்க எதுவும் இல்லை. ரிமோட்டில் ‘ஹால்’, ‘ஸ்டேடியம்’ என்று அழுத்தினால் பின்னால் சத்தம் வருகிறதே என்பார்கள். அது கருவி சேர்க்கும் எதிரொலி. பாடியவரோ இசையமைத்தவரோ வைத்தது இல்லை.

ஆசிரியர் வீட்டில் செட்டை ஸ்டீரியோவுக்கு மாற்றி, முன் ஸ்பீக்கர்களை ஷோகேஸிலிருந்து இறக்கினேன். காதின் உயரத்துக்கு வரும்படி ஆளுக்கொரு ஸ்டூல். நடுவில் 7 அடி இடைவெளி, சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால். சோபாவை இரண்டடி முன்னே இழுத்து, இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் அதே 7 அடி தூரத்தில் தலை வரும்படி வைத்தோம். மூன்று பக்கமும் சமமான முக்கோணம். கச்சேரியைப் போட்டதும் குரல் ஸ்பீக்கரே இல்லாத நடு இடத்திலிருந்து வந்தது. மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம். சபாவில் முன்வரிசையில் உட்கார்ந்தால் எப்படித் தெரியுமோ அப்படி. அவர் எழுந்து போய் சென்டர் ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தார். அதில் சத்தமே இல்லை.

சோபாவை இழுத்ததில் இன்னொரு லாபமும் உண்டு. 12 அடி நீள அறையில் 47 ஹெர்ட்ஸை ஒட்டிய பேஸ் இரண்டு சுவருக்கும் நடுவே தேங்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அந்த ஒரு சுரம் மட்டும் கும்மென்று காதை அடைக்கும். சப்வூஃபரைக் குறை சொல்லி மாற்ற நினைப்பவர்கள் முதலில் நாற்காலியை மாற்றிப் பாருங்கள்.

ஸ்பீக்கர் ஒயரையும் பார்த்துவிடுங்கள். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால், ஒன்று முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும். பேஸ் காணாமல் போகும், குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. மூன்று நிமிட வேலை. இதற்காக ஆம்ப்ளிஃபயரையே மாற்றியவர்களை நான் பார்த்திருக்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

பணக் கணக்கும் எளிது. ஸ்பீக்கருக்கு 30,000 ரூபாய் என்றால், சப்வூஃபரோடு ஆறாகப் பிரித்தால் ஒன்றுக்கு 5,000. இரண்டாகப் பிரித்தால் 15,000. பெட்டியின் கனமும் காந்தமும், கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரும் எல்லாம் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கின்றன. பெட்டியில் ‘பி.எம்.பி.ஓ.’ என்று ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டிருந்தால் நம்ப வேண்டாம். அது விளம்பரத்துக்கான கண நேர உச்சக் கணக்கு. தொடர்ந்து தரக்கூடிய சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள்.

ஸ்டீரியோவில் குறை இல்லையா? உண்டு. சரியாகக் கேட்கும் இருக்கை ஒன்றுதான். ஒலி ஓர் அடி கடக்கச் சுமார் 0.9 மில்லிவினாடி ஆகும். ஒரு ஸ்பீக்கருக்கு ஓரடி நெருங்கி உட்கார்ந்தாலே அதன் ஒலி முந்திக்கொள்ளும், நடுவில் இருந்த குரல் அந்தப் பக்கமாகச் சாய்ந்துவிடும். குடும்பமே உட்கார்ந்து படம் பார்க்கிற வீட்டில் வசனம் திரையிலிருந்து வர சென்டர் ஸ்பீக்கர் வேண்டும். அங்கே நானே 5.1-தான் போட்டுக்கொடுக்கிறேன். உண்மையாகவே பல சேனலில் கலந்த இசையும் இப்போது இருக்கிறது. ஆப்பிள் மியூசிக்கில் 2021 முதல் டால்பி அட்மாஸ் என்ற சரவுண்டு முறையில் பாட்டுகள் வருகின்றன. நன்றாகக் கலந்த ஒன்றைச் சரியான அறையில் கேட்டால் மெய் சிலிர்க்கும். ஆனால் அதை அட்மாஸ் தெரிந்த ஏவி ரிசீவருக்கு (பல ஸ்பீக்கரை ஓட்டும் ஆம்ப்ளிஃபயர்) எச்டிஎம்ஐ கேபிள் வழியாகக் கொடுக்க வேண்டும். பின் ஸ்பீக்கர்கள் நேர் முன்பக்கத்திலிருந்து 100 முதல் 120 டிகிரிக்குள், அதாவது காதுக்குச் சற்றுப் பின்னால் பக்கவாட்டில் நிற்க வேண்டும். போனிலிருந்து வழக்கமான புளூடூத்தில் போட்டால் வருவது இரண்டு சேனல்தான்.

பாட்டும் படமும் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு நான் சொல்லும் வழி: ரிசீவர் வாங்குங்கள், முதலில் இரண்டே முன் ஸ்பீக்கர், கையில் இருப்பதில் நல்லதாக. பாட்டுக்கு ‘ஸ்டீரியோ’ அல்லது ‘டைரக்ட்’ பொத்தான். மற்றவற்றை அடுத்த தீபாவளி போனஸில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குள் ஒரு கனமான திரைச்சீலையும் தரைவிரிப்பும் போடுங்கள். டைல்ஸ் தரை, வெறும் கான்கிரீட் சுவர் உள்ள ஹாலில் ஒரு தடவை கை தட்டிப் பாருங்கள், எதற்குச் சொல்கிறேன் என்று தெரியும்.

ஆசிரியர் வீட்டில் அந்தப் பின் ஸ்பீக்கர்களைக் கழற்றவில்லை. விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகள் வந்தால் படம் பார்க்க ஓடும். மற்ற நாளில் முன்னால் இருக்கும் இரண்டு மட்டும். நேற்று போன் செய்தார். இத்தனை வருடம் கேட்ட ஒரு ஆலாபனையில் தம்புரா ஓடிக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனித்தாராம்.