லேப்டாப்பில் இரண்டு டிரைவ் இருந்தால்: ஃபார்மட் செய்வதற்கு முன்

கம்பத்தில் லேப்டாப் பழுதுபார்க்கும் என் கடைக்குக் குமுளி மலைப்பாதை இறங்கி வருபவர்களில் பள்ளி ஆசிரியர்கள் கணிசமானவர்கள். கேரள அரசுப் பள்ளிகளில் கணினிப் பாடம் கைட் என்னும் அரசு நிறுவனம் வழங்கும், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸில் நடப்பதால், வண்டிப்பெரியாறு, பீருமேடு பக்கத்துத் தமிழ்வழி ஆசிரியர்கள் பலர் வீட்டு வேலைக்கு விண்டோஸும் பள்ளி வேலைக்கு லினக்ஸுமாக ஒரே லேப்டாப்பில் வைத்துக்கொள்கிறார்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே விட்டு, புதிதாக ஓர் எஸ்எஸ்டி போட்டு, ஒவ்வொன்றிலும் ஓர் இயங்குதளம் இருந்தால் ஒன்று கெட்டாலும் மற்றது பிழைக்கும் என்பது அவர்கள் நம்பிக்கை. கோப்புகளைப் பொறுத்தவரை அது சரிதான். கணினி தொடங்கும் விஷயத்தில் அந்த நம்பிக்கை பலரைக் கைவிட்டிருக்கிறது.

சென்ற மழைக்காலத்தில் ஓர் ஆசிரியை வந்தார். விண்டோஸ் மெதுவாக இருக்கிறதென்று வேறொரு கடையில் கொடுத்திருக்கிறார். அவர்கள் எஸ்எஸ்டியை முழுக்க அழித்து விண்டோஸை மீண்டும் நிறுவியிருக்கிறார்கள். அதன்பின் லினக்ஸ் வரவேயில்லை. "ரெண்டாவது டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டாங்க சார், மூணு வருஷத்துக் கேள்வித்தாள் எல்லாம் அதிலதான் இருக்கு" என்றார். கணினி தொடங்கும்போதே திறக்கக்கூடிய அமைப்புத் திரையான பயாஸைத் திறந்து பார்த்தால் இரண்டு டிரைவ்களின் பெயரும் தெரிந்தன. பழுது பார்ப்பவர் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பெயரே தெரியாவிட்டால் இணைப்பையோ டிரைவையோ சந்தேகிக்கலாம். பெயர் தெரிந்தும் தொடங்காவிட்டால், குறை பெரும்பாலும் தொடங்கும் வழியில் இருக்கும். லினக்ஸ் பெண்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கியதும் கேள்வித்தாள்கள் அத்தனையும் அப்படியே இருந்தன.

நடந்தது இதுதான். இன்றைய லேப்டாப்கள், எந்த இயங்குதளத்தை எங்கிருந்து தொடங்குவது என்ற குறிப்பை மதர்போர்டின் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. அந்தக் குறிப்பு சுட்டும் தொடக்கக் கோப்பு, டிரைவில் இஎஃப்ஐ பார்ட்டிஷன் எனப்படும் சிறு பகுதியில் இருக்கும். உபுண்டுவின் நிறுவல் நிரல், இரண்டாவது டிரைவைத் தேர்ந்தெடுத்தாலும், தன் தொடக்கக் கோப்பைப் பெரும்பாலும் முதல் டிரைவில் ஏற்கெனவே உள்ள விண்டோஸின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே வைத்துவிடும் பழக்கம் பல பதிப்புகளில் இருந்தது. ஆகவே எஸ்எஸ்டியை அழித்தபோது, ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலேயே லினக்ஸின் வாசலையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். முதலில் கோப்புகளை வெளி டிரைவில் நகலெடுத்துவிட்டு, ஹார்ட் டிஸ்க்கின் கடைசியில் 512 எம்பி ஒதுக்கி, அதற்கென்று ஓர் இஎஃப்ஐ பார்ட்டிஷன் அமைத்து, கிரப் தொடக்க நிரலை அங்கே நிறுவினேன். லினக்ஸ் முன்போலவே வந்தது.

கணினி தொடங்கும்போது இந்தக் கிரப் காட்டும் இயங்குதளப் பட்டியலில் விண்டோஸ் தெரியவில்லை என்றும் சிலர் பதறுகிறார்கள். 2021இல் வந்த கிரப் 2.06 முதல் பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருப்பதே அதற்குப் பெரும்பாலும் காரணம்; அமைப்புக் கோப்பில் அதை இயக்கிவிட்டுப் பட்டியலைப் புதுப்பித்தால் போதும்.

இதைவிட வருத்தமான அனுபவம் ஒரு கல்லூரி மாணவருடையது. லினக்ஸ் தொடங்கவில்லை என்பதற்காக அவர், நம்பகமான தொடக்க நிரல்களை மட்டும் அனுமதிக்கும் செக்யூர் பூட் என்ற பாதுகாப்பைப் பயாஸில் அணைத்திருக்கிறார். அடுத்து விண்டோஸைத் திறந்தபோது நீலத் திரையில், டிரைவை மறையாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) காக்கும் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்பு எண் கேட்கப்பட்டது. அந்த எண், முதன்முதலில் உள்நுழைந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இவருடைய லேப்டாப்பிலோ அந்தக் கணக்கு, வாங்கிய கடையில் யாரோ அவசரத்துக்கு உருவாக்கியது. கடைசிவரை எண் கிடைக்கவில்லை, படங்களும் திரும்பவில்லை. மறையாக்கம் தானாகவே இயங்கியிருக்கும் கணினிகள் இப்போது அதிகம் என்பதால், பயாஸில் எதையும் மாற்றுவதற்கு முன் அந்த எண்ணைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுமாறு எல்லோரையும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் புதுப்பிப்பு, இரட்டை இயங்குதளக் கணினிகள் பலவற்றில் செக்யூர் பூட் வழியாக லினக்ஸைத் தடுத்தபோது, காரணம் அறியாமல் இப்படிச் செக்யூர் பூட்டை அணைத்துப் பார்த்தவர்கள் என் கடைக்கும் வந்தார்கள்.

சிறு குறைகளும் உண்டு. இயங்குதளம் மாறும்போதெல்லாம் கடிகாரம் சரியாக ஐந்தரை மணி நேரம் பிசகினால் பேட்டரியை மாற்ற வேண்டாம். விண்டோஸ் உள்ளூர் நேரத்தையும் லினக்ஸ் உலகப் பொது நேரத்தையும் மதர்போர்டில் எழுதுகின்றன, ஒன்றை மற்றதற்கு ஏற்ப மாற்றினால் தீரும். விண்டோஸ் டிரைவ் லினக்ஸில் படிக்க மட்டும் திறந்தால், விண்டோஸ் 8 முதல் இருக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் அதை முழுதாக மூடாமல் பாதியில் வைத்திருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் வலுக்கட்டாயமாக அதில் எழுதக் கூடாது, கோப்புகள் சிதையும்.

புதிதாக இரண்டாவது இயங்குதளம் நிறுவப்போகிறவர்கள், நிறுவி முடிக்கும்வரை மற்ற டிரைவைக் கழற்றி வைக்கட்டும், அல்லது பயாஸில் வசதி இருந்தால் அணைத்து வைக்கட்டும். அப்போது தொடக்கக் கோப்பு அந்தந்த டிரைவிலேயே அமைந்துவிடும். எதைத் தொடங்குவது என்பதை, லேப்டாப்பைப் பொறுத்து எஃப்9 அல்லது எஃப்12 விசையை அழுத்தித் தேர்ந்துகொள்ளலாம். அந்த ஆசிரியையின் லேப்டாப்பும் இப்போது அப்படித்தான் ஓடுகிறது.