சரக்குக்குத் தனி வாசல் இருக்கிறது

இந்த மாதமும் அதே மாதிரி ஓர் அழைப்பு. விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். சிங்கப்பூர் கண்காட்சியில் ஸ்டால் போட்டுவிட்டு, விற்காமல் மிஞ்சிய சுங்குடிச் சேலைகளோடு மீனம்பாக்கத்தில் வந்து இறங்கியிருக்கிறார். சுங்கத்தில் பெட்டியைத் திறக்கச் சொல்லி, இறக்குமதி வரி கட்ட வேண்டும் என்றிருக்கிறார்கள். "அண்ணே, இது நம்ம ஊருச் சேலைண்ணே. நாந்தான் இங்கயிருந்து கொண்டு போனேன். எங்கிட்டயே வரி கேக்குறாங்க" என்று படபடத்தார். போகும்போது சுங்கத்தில் காட்டிக் காகிதம் ஏதாவது வாங்கினீர்களா என்றேன். "சாம்பிள்தானண்ணே, அதுக்கு எதுக்கு?"

மதுரையில் கிளியரிங் ஏஜென்டாக, அதாவது வியாபாரிகளுக்குச் சுங்க வேலைகளை முடித்துக் கொடுப்பவனாக இருக்கும் எனக்கு இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அதனால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன்.

சாம்பிளைப் பெட்டியில் கொண்டு போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தடையில்லாத பொருள் என்றால், உண்மையான வணிக மாதிரிகளைப் பயணி தன்னோடு எடுத்துச் செல்லலாம். ஆனால் மாதிரி என்றால் காட்டுவதற்கு. டிசைனுக்கு ஒன்றாகச் சில சேலைகள் இருந்தால் அது மாதிரி. ஒரே டிசைனில் டஜன் கணக்கில், விலைச்சீட்டும் ஒட்டி, கூடவே பில் புத்தகமும் வைத்திருந்தால் அது சரக்கு. பெட்டியில் இருப்பதால் சரக்கு பயணச் சாமான் ஆகிவிடாது. சிங்கப்பூர்க்காரர்களும் இதை இப்படித்தான் பார்க்கிறார்கள். பயணிக்கு உண்டான வரிச்சலுகை அங்கே விற்பனைச் சரக்குக்குக் கிடையாது. 9 சதவீத ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும்.

அடுத்தது, எல்லோரும் என்னோடு சண்டைக்கு வரும் விஷயம். "நம்ம பொருள் நம்ம நாட்டுக்குத் திரும்பி வருது, இதுல வரி எங்க வந்துச்சு?" சட்டத்தின் பார்வையில் இந்திய எல்லையைத் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற எதுவும் இறக்குமதிதான், அதை நெய்தது நீங்களே ஆனாலும். ஏற்றுமதியான பொருள் 3 ஆண்டுகளுக்குள் திரும்பினால் வரிவிலக்கு உண்டு. ஆனால் அன்றைக்குப் போன பொருளும் இன்றைக்கு வந்த பொருளும் ஒன்றுதான் என்று காகிதத்தில் காட்ட வேண்டும். வெளியே போனதற்கே பதிவு இல்லாதபோது எதை வைத்துக் காட்டுவது? "சுங்குடிக்குப் புவிசார் குறியீடு இருக்கே" என்று வாதாடுகிறார்கள். 2005-லேயே வாங்கிய பெருமைக்குரிய குறியீடுதான். அது இந்த வகைச் சேலை மதுரைக்கு உரியது என்று சொல்லும். இந்தப் பெட்டியில் இருக்கும் சேலையை நீங்கள்தான் போன மாதம் சென்னையிலிருந்து எடுத்துப் போனீர்கள் என்று சொல்லாது. கடை பில்லும் அப்படித்தான். அதிகாரி உங்களைத் திருடன் என்று நினைக்கவில்லை. அவர் கையில் ஆதாரம் இல்லை, அவ்வளவுதான். அவரோடு கத்திப் பிரயோஜனமில்லை.

மீனம்பாக்கத்தில் பயணிகள் முனையம் வேறு, சரக்கு வளாகம் வேறு. 2023 ஏப்ரலில் திறந்த புது முனையத்தின் பளபளப்பைப் பார்த்துவிட்டு வியாபாரமும் அந்த வழியாகவே நடக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். விற்கப் போகும் பொருள் சரக்கு வளாகம் வழியாக ஷிப்பிங் பில்லோடு, அதாவது ஏற்றுமதிக்காகச் சுங்கத்தில் தாக்கல் செய்யும் ஆவணத்தோடு போக வேண்டும். அளவு சின்னது என்றால் கூரியர் ஏற்றுமதி இருக்கிறது. தபால் துறையின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திராவும் இருக்கிறது. ஷிப்பிங் பில் இல்லாமல் விற்றால் வங்கியில் வரும் பணத்துக்குக் கணக்கு இருக்காது, ஜி.எஸ்.டி. ரீஃபண்டும் கேட்க முடியாது. நகை வியாபாரிகளுக்கு, சென்னை உட்பட அறிவிக்கப்பட்ட சில விமான நிலையங்கள் வழியாகச் சரக்கைக் கையிலேயே கொண்டு போக அனுமதி உண்டு. அதுவும் ஷிப்பிங் பில்லோடுதான்!

காட்டிவிட்டு அப்படியே திரும்பக் கொண்டு வருவதென்றால் அட்டா கார்னே போடுங்கள். வரி கட்டாமல் பொருளைத் தற்காலிகமாக வெளிநாட்டுக்குக் கொண்டு போய் வர உதவும் சுங்க ஆவணம் அது. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் மெஷின் செய்கிறவர்களுக்கு இதை முக்கியமாகச் சொல்கிறேன். இந்தியாவில் வணிகச் சங்கங்களின் கூட்டமைப்பான ஃபிக்கி கொடுக்கிறது, ஓராண்டு வரை செல்லும். சிங்கப்பூர், அமீரகம், இலங்கை எல்லாம் ஏற்கின்றன. இங்கே கிளம்பும்போது, அங்கே நுழையும்போது, அங்கிருந்து கிளம்பும்போது, இங்கே திரும்பும்போது என்று நான்கு இடத்திலும் முத்திரை விழ வேண்டும். அங்கிருந்து கிளம்பும் அவசரத்தில் மூன்றாவதைத்தான் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். அப்புறம் அந்த நாட்டு வரிக்கான நோட்டீஸ் வரும். கார்னேயில் போன பொருளை அங்கே விற்றுவிட்டு வந்தாலும் இதே கதிதான்.

கண்காட்சிக்கு என்று வெளியே போன சரக்கு 6 மாதத்துக்குள் விற்க வேண்டும், அல்லது திரும்ப வேண்டும் என்ற ஜி.எஸ்.டி. விதியை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐ.இ.சி. என்ற ஏற்றுமதி இறக்குமதிக்கான பதிவு எண் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் ஆன்லைனில் அதை உறுதிப்படுத்த வேண்டும். மாற்றம் ஒன்றும் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டும். விட்டால் எண் முடங்கும், அது சரக்கு கட்டி முடித்த அன்றைக்குத்தான் தெரியவரும்.

மல்லிகை, செடி, விதை எதுவானாலும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கிளம்பாதீர்கள். மண்டலத் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் மீனம்பாக்கத்திலேயே, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோட்டில் இருக்கிறது.

வீட்டு நகை, விலையுயர்ந்த கேமரா கொண்டு போகிறவர்கள் புறப்படும் முன்பே சுங்கத்தில் காட்டி ஏற்றுமதிச் சான்று வாங்கி வையுங்கள். திரும்பும்போது கேள்வி வராது. மதுரையிலிருந்து சென்னை வழியாகப் பறப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பெட்டிக்கு மதுரையிலேயே கடைசி ஊர் வரை டேக் போட்டுவிட்டால், சென்னையில் சுங்க அதிகாரியிடம் காட்டப் பொருள் உங்கள் கையில் இருக்காது. காட்ட வேண்டியதைக் கைப்பையில் வையுங்கள்.

விற்ற பணத்தை நோட்டாகவே கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். வெளிநாட்டு நோட்டு 5,000 டாலர் மதிப்பைத் தாண்டினால், அல்லது காசோலை வகையெல்லாம் சேர்த்து 10,000 டாலரைத் தாண்டினால், இறங்கியதும் படிவத்தில் எழுதிக் கொடுங்கள். போகும்போது இந்திய ரூபாய் 25,000-க்கு மேல் வேண்டாம்.

இது கெஞ்சிக் கேட்பது. தெரிந்தவர், பங்காளி, பெரிய பார்ட்டி, யார் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்காத பார்சலை வாங்காதீர்கள். துபாய்க்கு ஒருவர் அனுப்பும் மசாலாப் பொட்டலத்தில் ஒரு பிடி கசகசா இருந்தாலும் போதும். நம் வீட்டுக் குருமாவில் போடும் அதே கசகசா அமீரகத்தில் தடை செய்யப்பட்ட பொருள், சிறை வரைக்கும் கொண்டுபோகும். பெட்டி உங்கள் பெயரில் இருப்பதால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான். அனுப்பியவர் அன்றைக்குப் போனை எடுப்பார் என்று நம்பாதீர்கள்.

கண்காட்சிக்கு ஸ்டால் பதிவு செய்த அன்றே உங்கள் ஏஜென்டைக் கூப்பிடுங்கள். கார்னேவுக்கான உத்தரவாதத் தொகை, பொருள் பட்டியல் எல்லாம் தயார் செய்ய நாள் பிடிக்கும். ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸில் ஏறி உட்கார்ந்துகொண்டு, நாளைக்கு ஃப்ளைட் என்று சொன்னால் யாராலும் ஒன்றும் செய்து தர முடியாது.