கொறங்காட்டு விதையும் மண் பூசணமும்

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கங்களில் கொறங்காடுகளை, அதாவது வேலியிட்ட மானாவாரி மேய்ச்சல் நிலங்களைப் புதுப்பிக்க ஆலோசனை கேட்டு வரும் விவசாயிகளில் பலர், விதைப்பதற்கு முன் மண்ணில் எந்தப் பூசணக்கொல்லியை ஊற்றலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். "பூசணம் புடிச்சு வெதையெல்லாம் போயிருச்சுங்க" என்று, மேய்ச்சல் புல்லான கொழுக்கட்டைப்புல்லின் விதையை உள்ளங்கையில் வைத்துக் காட்டுவார்கள். அதன் சுணையை நீக்கி நகத்தால் அழுத்திப் பார்த்தால், மேலே வெள்ளை நூல் படர்ந்திருந்தும் சில விதைகள் உள்ளே கெட்டியாகவே இருக்கும்; செத்த விதை மட்டுமே கூழாக நசுங்கும். அதையும் பூசணம்தான் கொன்றது என்று உடனே முடிவுகட்டக் கூடாது. முன்பே செத்துப்போன விதையைத் தின்ன அது பிறகு வந்திருக்கலாம்.

மண் பூசணம் எல்லாமே விதைக்குப் பகையல்ல. நம் வேலியோரச் சப்பாத்திக்கள்ளிக்கு உறவான ஒரு கள்ளி மெக்சிகோவின் வறண்ட நிலங்களில் வளர்கிறது. அதன் விதையைச் சூழ்ந்த கடின உறையைப் பெனிசிலியம், டிரைக்கோடெர்மா போன்ற மண் பூசணங்கள் அரித்து இளக்கிய பிறகே முளைவேர் எளிதாக வெளியே வருவதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். விதையைக் கொல்லும் பூசணமும் உண்டு. அமெரிக்காவின் மேற்கு வறள்நிலங்களில் பைரினோபோரா என்னும் பூசணம் புல்விதைகளைத் தாக்கி, அவற்றின் மேல் கரிய குச்சிகளைப் போல எழுந்து நிற்கிறது. விரைந்து முளைப்பவை பெரும்பாலும் தப்பிக்க, உறங்கிக் கிடப்பவையும் தாமதிப்பவையும் அதற்கு இரையாகின்றன. அறுத்த கையோடு கொழுக்கட்டைப்புல் விதையை விதைக்காமல், சில மாதம் உலர்வாக வைத்து உறக்கம் தெளிந்த பின் விதைத்தால் அதுவும் விரைந்து முளைக்கும்.

முளைத்த பிறகு வேரோடு கூட்டுச்சேரும் வேம் (VAM) என்னும் வேர்ப்பூசணம், வேர்த்தூவியை விட மெல்லிய இழைகளால் மணிச்சத்தைக் கொண்டுவந்து கொடுத்து, செடியிடமிருந்து சர்க்கரையைப் பெற்றுக்கொள்கிறது. ஒரே மழையை நம்பி முளைக்கும் நாற்றுக்கு இது பெரிய துணை. ஆழ உழுதால் இந்த இழைவலை அறுந்துபோகும் என்பதால், பழைய கொறங்காட்டை மேலாகக் கீறிவிட்டாலே போதும்.

ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலப்பவர்கள், அதே விதையில் கார்பென்டாசிம் என்னும் பூசணக்கொல்லியையும் சேர்த்தால் டிரைக்கோடெர்மா வீண். அதுவும் ஒரு பூசணம்தான். நாற்றங்காலில் நாற்றின் தண்டு அடியில் அழுகும் கழுத்தழுகல் கண்டால் முதலில் தண்ணீரைக் குறைத்து, வடிகாலைச் சரிசெய்யுங்கள். கொறங்காட்டு மரமான வெள்வேலுக்கு மருந்தே வேண்டியதில்லை. காயைத் தின்ற ஆடுகள் பட்டியில் கழித்த விதைகளைப் பொறுக்கி விதைத்தால், தோல் இளகிய அவை நன்றாக முளைக்கும்.